மதகடி ஹொக்கி

எங்கள் ஊரில் ஒருவரும் ஹொக்கி மட்டையைக் கண்ணால் கண்டதில்லை. அதனால்தான் நானும் மச்சாளும் அந்த விளையாட்டைத் தெரிந்தெடுத்தோம். கிரிக்கெட் என்றால் ஆளுக்காள் நியாயம் சொல்ல வருவார்கள். ஹொக்கியைப் பற்றி எங்களிடம் இருந்ததெல்லாம் கடலைச் சுருளாய் வந்த பத்திரிகைத் துண்டு ஒன்றுதான். ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர், அதில் ஒருவர் கோல் காப்பாளர், பந்தை மட்டையால் மட்டும் அடிக்கலாம் என்பது வரைக்கும் அதில் இருந்தது. மிச்ச விதிகள் கிழிந்து வேறு யாருடைய கடலையோடோ போய்விட்டன. அவற்றை நாங்களே இட்டு நிரப்பினோம்.

மட்டை இல்லை, பந்து இல்லை, மைதானமும் இல்லை. வாய்க்கால் மதகும் தாயம் எறிகிற ஆறு சோகியும் இருந்தன. சோகியை எறிந்து ஐந்தோ ஆறோ மல்லாந்து விழுந்தால் கோல். வகுப்புத் தோழிகள் இருவருடையதையும் சேர்த்து நாலு அணிகள். வீரர்கள் எல்லோரும் ஊர்ச்சனம். தாங்கள் ஹொக்கி ஆடுவது அவர்களுக்குத் தெரியாது. புதுக்குடியிருப்புப் பக்கத்து எங்கள் குடியேற்றத் திட்டத்தில் சங்கக்கடை மனேஜர் மச்சாளின் நடு முன்வரிசை, பாண்காரர் என்னுடைய வலது கரை. ஊர் விதானையாரையும் தபாற்காரரையும் ஐயரையும் சண்டை பிடித்துப் பங்கு பிரித்திருந்தோம்.

முக்கியமான விதி மச்சாள் கண்டுபிடித்தது. ஆட்ட நாளில் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து கோயில் மணி அடிக்கும் வரைக்கும் மதகைத் தாண்டி ரோட்டால் போனவர்தான் அன்றைக்கு ஆடலாம். ஆளுக்கு ஓர் எறி. தலை காட்டாதவர் காயம். கோல் காப்பாளர் வந்திருந்தால் எதிரி போட்ட ஒவ்வொரு கோலையும் மறிக்க எங்களுக்கு ஓர் எறி. மூன்று சோகி மல்லாந்தால் கோல் நின்றது. ஊரை விட்டுப் போனவரை அணியிலிருந்து வெட்டவேண்டும்.

அந்தக் கடைசி விதி என்னைத் தின்றது. மா வராததால் பாண்காரர் வீட்டோடு கிடந்தார், நிரந்தரக் காயம். வன்னியை விட்டு வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போன இளம் மாஸ்டர் கனடாவிலிருந்து படம் அனுப்பினார். இடது கரையில் பறந்த தையல்காரி கலியாணம் முடித்து ஜெயபுரத்துக்குப் போனார். பொம்பிளையை வழியனுப்பும்போது நான் அழுத அழுகையைப் பார்த்துச் சனம் பாசம் என்றது. மிஞ்சியவர்களில் பேர் சொல்லக்கூடியவர் ஐயர். அவரும் கோயிலுக்குக் குறுக்குப் பாதையால்தான் போவார்.

வெற்றிக்கிண்ணம் ஒரு வெறும் பால்மா ரின். அது மச்சாளின் அலுமாரிக்கு மேலே அவளுடைய கொண்டை ஊசிகளைச் சுமந்தபடி குந்தியிருந்தது.

"ஆசையாய் இருந்தால் சொல்லடி. நான் தலை இழுக்கேக்க ஒருக்காத் தொட்டுப் பாக்க விடுறன்" என்பாள்.

அந்த ரின்னை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவதைத் தவிர எனக்கு வேறு இலட்சியம் இருக்கவில்லை. என் இலட்சியம் உயர்தரப் பரீட்சை என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்கு இடம்பெயர்ந்து சனம் வந்தது. பள்ளிக்கூட வளவு நிரம்பி, கோயில் மடம் நிரம்பி, வாய்க்கால் கரை முழுக்கக் கொட்டில்கள் முளைத்தன.

"ஊர் பேர் தெரியாத ஆக்களை வச்சு விளையாடேலாது. என்ர ஆக்கள் அடிபட்டுப் பழகின ஆக்கள்" என்றாள் மச்சாள்.

நான் மதகில் இருந்து ரோட்டைப் பார்த்தேன். வந்த சனம் ஓரிடத்தில் இருக்கவில்லை. தண்ணிக்கு, விறகுக்கு, நிவாரணத்துக்கு, சொந்தக்காரரைத் தேட என்று விடிந்தால் பொழுதுபட்டால் ரோட்டில்தான். எங்கள் விதிப்படி பார்த்தால் காயமே படாத வீரர்கள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

தேங்காய் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கொட்டில் கொட்டிலாய் ஏறி இறங்கினேன். "இவளுக்கு இரக்க குணம் வந்திட்டுதப்பா" என்று அம்மா அப்பாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். நானோ யார் அடிக்கடி வெளியே போவார், யாரிடம் நல்ல சைக்கிள் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்து பல ஊர் கண்ட மீன்காரர், பெட்டி கட்டிய சைக்கிளில் பாம் பாம் என்று கோன் அடித்துக்கொண்டு பறப்பவர், வலது கரைக்கு வந்தார். வடை விற்ற ஓரகத்திமார் இருவரும் நடுவுக்கு. கோல் காப்பாளர் இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்டர். ரயில் ஓடாமல் விட்டு எவ்வளவோ காலமாகியும் பின்னேரத்தில் குடையோடு நேரம் தவறாமல் மதகைத் தாண்டிப் போய்த் திரும்பினார். அவரை நம்பி மணிக்கூடு திருத்தலாம்.

தோழிகளின் அணிகளை உருட்டித் தள்ளிவிட்டு இறுதி ஆட்டத்துக்கு வந்தேன். எதிரே மச்சாள். இறுதி ஆட்டம் இரண்டு நாள், கோல்களைக் கூட்டிப் பார்ப்பது.

முதல் நாள் ஸ்ரேசன் மாஸ்டர் மதகைத் தாண்டிப் போய்த் திரும்பும்போது நேரே போகவில்லை. எங்கள் முன்னால் வந்து நின்றார்.

"பிள்ளையள், நான் இதால போகேக்க ஒராள் சிரிக்கிறீர், மற்றாள் பல்லைக் கடிக்கிறீர். என்ன சங்கதி?"

"நீங்கள் என்ர கோல் காப்பாளர், ஐயா" என்றேன்.

விதிகளை முழுக்கக் கேட்டார். குடையை மடக்கி மதகில் இருந்தார். "அப்ப ஒரு சிக்கல் இருக்கு. எனக்குப் பாஸ் கிடைச்சிட்டுது. நாளைக்குக் காலமை வவுனியாவுக்கு, மகளிட்டைப் போறன்."

"பாஸ் கையில இருந்தால் போன மாதிரித்தான். வெட்டடி அவரை" என்று மச்சாள் துள்ளினாள்.

"அதெப்பிடி வெட்டுவீர்? ரிக்கற் எடுத்தவரையெல்லாம் போய்ச் சேந்தவர் எண்டு எழுத ஏலாது, பிள்ளை. வண்டி வெளிக்கிடவேணும். காலம் முழுக்க நான் பாத்த வேலை இது."

மச்சாள் தன் எறிகளில் மூன்று கோல் போட்டாள். தனக்கு விழும் கோலைத் தானே மறிக்கவேண்டும் என்று அவர் சோகியை வாங்கி, கைலேஞ்சியால் கையைத் துடைத்து எறிந்தார். முதற் கோல் நின்றது. அடுத்ததற்கு இரண்டுதான் மல்லாந்தன. அதற்கடுத்ததற்கு ஆறும் குப்புற விழுந்தன. எங்கள் பக்கத்தில் ஒரு கோலும் இல்லை. பிந்தி வரும் ரயிலைப் பார்ப்பதுபோல அவர் சோகிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எனக்குப் பதில் ஆர் நிக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை, ஐயா."

"வீட்டுக்காரி நிக்கிறா. பாஸ் தாறதெண்டால் நான் திரும்பி வருமட்டும் ஒராள் இங்கை பிணை நிக்கவேணும் எண்டவை. நான் சொல்லிவிட்டுப் போறன்."

அடுத்த நாள் காலையில் அவர் சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு போக, நான் வாக்குத் தவறாமல் அவரை வெட்டினேன். பள்ளிக்கூடம் விட்டு மதகடிக்கு வந்தால் அங்கே சீலையை இடுப்பில் செருகிக்கொண்டு அவருடைய மனைவி நின்றார்.

"ஆர் இதில கப்டன்? நீரோ? என்னைப் பின்னுக்கு நிப்பாட்டப் போறீராம். நான் பின்னுக்கு நிக்கமாட்டன், பிள்ளை. பின்னுக்கு நிண்டு இவர் கிழிச்சதைக் கேட்டனான். முன்னுக்குப் போடும்."

மீன்காரரைக் கோலுக்கு இறக்கிவிட்டு அன்ரியை முன்னுக்குப் போட்டேன். அன்ரி கிணற்றடியில் எல்லோருக்கும் சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மீன்காரர் விடாமல் கோன் அடித்தபடி போனார். ஓரகத்திமார் போய், திரும்பி வந்து, "கண்டனீங்கள்தானே?" என்று கேட்டு, நிச்சயத்துக்காக மறுபடியும் போனார்கள். ஐயர்கூட யாரோ சொல்லி ரோட்டால் வந்தார். என் அணியில் ஒருவருக்கும் காயமில்லை.

மச்சாள் சங்கக்கடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நிவாரணம் கொடுக்கும் நாள். வந்த சனம் முழுக்கக் கடை வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றது. மனேஜர் தராசை விட்டு அசைய முடியவில்லை. கோயில் மணி அடித்தது.

"மனேஜர் காயம்" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மீன்காரர் தனக்கு வந்ததை மறித்தார். எங்கள் ஆட்களின் எறியில் இரண்டு கோல் விழுந்து கணக்குச் சமமானது. கடைசி எறி அன்ரியுடையது. எறிய முதல் எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஆறும் மல்லாந்தன. நான் வாய்க்காலுக்குள் குதித்துவிட்டேன், வெள்ளைச் சீருடையோடு.

மச்சாள் கொண்டை ஊசிகளைக் கொட்டிவிட்டு ரின்னைத் தந்தாள். மறுநாளே அவள் ஒரு கூடை தேங்காயோடு கொட்டில்கள் பக்கம் போவதை மதகில் இருந்து பார்த்தேன்.

வவுனியாவுக்குப் பாஸ் கிடைத்த இன்னொருவரை அன்ரி ரோட்டில் மறித்துச் சேதி சொல்லிவிட்டுக்கொண்டிருந்தார்.

"இவரைக் கண்டால் சொல்லுங்கோ, அவர் விட்ட கோலை நான் திருப்பிப் போட்டிட்டன் எண்டு. மருந்தை நேரத்துக்குக் குடிக்கட்டாம்."