தங்கச்சி வீட்டு ஃபிரிட்ஜ்

தங்கச்சியின் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து, கரண்ட் உள்ள குவாட்டர்சுக்கு அவர்கள் குடிபோனபோது நாங்கள் இன்னும் அரிக்கன் லாம்புக்குத் திரி வெட்டிக்கொண்டிருந்தோம். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரர் ஒருவரிடம் அவர் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றும் வாங்கினார். மூத்தவள் நான். நல்ல மாப்பிள்ளை, நல்ல வீடு, இப்போது ஐஸ் தண்ணீர், எல்லாம் அவளுக்கு.

ஒரு மத்தியானம் அங்கே போனேன். சமையல் நடக்கும் குசினித் தரையை அப்போதுதான் கழுவியிருந்தாள். ஈரக் காலோடு போய், கேட்காமலே ஃபிரிட்ஜின் கைபிடியைப் பிடித்தேன்.

கை இறுகிக்கொண்டது. விட நினைத்தேன், விரல்கள் இன்னும் இறுகின. ஈரத்துணியைப் பிழிவதுபோல் தோள்வரை யாரோ முறுக்கினார்கள். தாடை பூட்டிக்கொண்டது, சத்தமும் இல்லை, மூச்சும் இல்லை. கண் மட்டும் தெரிந்தது. வாசலில் வந்து நின்ற தங்கச்சி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினாள். என்னை விட்டுவிட்டு ஓடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

பிறகு தரையில் கிடந்தேன். அவள் ஓடியது முன் விறாந்தையில் இருந்த மெயின் சுவிட்சை நிறுத்த. ஃபிரிட்ஜுக்குள்ளே வயர் ஒன்று உரிந்து தகரத்தில் முட்டியிருந்ததாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் உள்ளங்கையைப் பார்த்தார். வெள்ளையாக ஒரு சிறு தீப்புண், பாதத்திலும் ஒன்று. கையால் ஏறிய கரண்ட் காலால் இறங்கியிருக்கிறது, வழியில் இதயம் இருக்கிறது, அதனால் விடியும்வரை வார்டில் மறித்துவைத்துப் பார்க்கவேண்டும் என்றார். கரண்ட் தசையைச் சுருக்கிவிடும், அதுதான் கையை விட ஏலாமல் போனது என்றும் சொன்னார். பிறகு தங்கச்சியின் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் அக்காவைத் தொட்டிருந்தால் ரெண்டு பேரையும் தூக்க வேண்டி வந்திருக்கும். கெட்டிக்காரி.”

அடி எனக்கு, பேர் அவளுக்கு. என்னைப் பார்க்க வந்த சனம் அவளிடம்தான் கதை கேட்டது. என் கணவர்கூட அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். உலக்கையால் இடித்ததுபோல் உடம்பு நோக, நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

எல்லோரும் போனபின் அவள் கட்டிலில் வந்து இருந்தாள்.

“நான் ஓடினதைக் கண்டனீங்களா, அக்கா?”

“ஓம்.”

“உங்களைப் பிடிக்கத்தான் முதல்ல கை வந்தது. எப்பிடி விட்டிட்டு ஓடினனான் எண்டு எனக்கே தெரியேல்லை.”

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் நின்ற இடத்தில் நான் நின்றிருந்தால் பாய்ந்து அவளைக் கட்டிப்பிடித்திருப்பேன். இரண்டு பேரும் போயிருப்போம். அதை நினைக்க நினைக்க வயிறு எரிந்தது. அந்தப் புத்தியையும் கடவுள் அவளுக்குத்தான் கொடுத்திருக்கிறார்.