மூன்றாம் முறைக்கு வைத்த திரி

எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கலில் இரண்டு பங்கு உண்டு. நிலம் வைத்திருக்கும் மேலத் தெருக் குடும்பங்கள் கச்சேரி வைப்பார்கள். வருடம் முழுக்கப் பட்டாசு ஆலைக்கு வேன் ஏறிப் போகிற கீழத் தெருக்காரர்கள் நாங்கள் வாணம் விடுவோம். திருவிழாவில் எங்களுடையது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல அந்த வாணம் ஒன்றுதான் இருந்தது. அதை என் வீட்டுக்காரர் ஒரு வருடம் கச்சேரியின் தலையிலேயே கொளுத்திப் போட்டார்.

பாடகி ஏதோ பாடி நிறுத்தினார், வயலின்காரர் தனியாகக் கொஞ்சம் வாசித்தார், கூட்டம் கை தட்டியது. கை தட்டினால் முடிந்தது என்பதுதான் என் வீட்டுக்காரரின் சங்கீத ஞானம். கண்மாய்க்குள் தயாராக இருந்த சரவெடிக்கு நெருப்பு வைக்கச் சொல்லிவிட்டார். உண்மையில் பாட்டு அப்போதுதான் ஆரம்பிக்க இருந்ததாம். பாடகி எழுந்து நேரே காருக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஊர்க் கூட்டத்தில் விழாத் தலைவர் ஒரே வரியில் முடித்தார். "இனிமே கச்சேரி மட்டும் போதும். வாணம் வேண்டாம்."

என் வீட்டுக்காரர் கூட்டத்தின் பின்வரிசைக்கு நகர்ந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேல், பாதி தலைவர் மேல். விறுவிறுவென்று முன்னால் போனேன்.

"அய்யா, தப்பு நடந்தது நெசந்தான். அதுக்காக எங்க தெருவையே வேண்டாம்னு சொல்றீகளா? பாட்டுல எந்த எடத்துல வாணம் விடணும்னு நான் கத்துக்கிட்டு வந்து விடுறேன்."

"நீ எங்கன போயிம்மா கத்துக்குவ?"

"அது எம்பாடு. நீங்க சரின்னு மட்டும் சொல்லுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலைவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "சரி, அடுத்த வருசம் ஒரே ஒரு தடவ. பிசகுச்சுன்னா இந்த ஊர்ல வாணத்துக்கு அதோட முழுக்கு."

ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அதனால் ஆமத்தூர்ப் பக்கம் போகவர வேனில் இருக்கும் நேரம்தான் எனக்குப் பள்ளிக்கூடம். புதிதாகக் கேட்பவர்களுக்கென்று யாராரோ போட்டிருந்த பாடங்களைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வாரம் கொட்டாவிதான் வந்தது. பிறகு விவரம் பிடிபட்டது. ராகம் என்றால் இன்னின்ன சுரங்களில், இன்னின்ன விதமாகப் போய்வரலாம் என்கிற வரம்பு. அதைப் பாட்டும் தாளமும் இல்லாமல் விரித்துக் காட்டுவது ஆலாபனை. பாடுகிறவர் முடித்ததும் வயலினும் அதே ராகத்தை வாசிக்கும், கூட்டம் கை தட்டும், அதற்கப்புறம்தான் கீர்த்தனையே தொடங்கும். நாங்கள் வெடி வைத்த இடம் அதுதான் என்று தெரிந்ததும் வேனிலேயே தலையில் அடித்துக்கொண்டேன்.

கீர்த்தனையில் பல்லவி, அனுபல்லவி, சரணம். எங்கே சுற்றினாலும் பல்லவிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். சரணத்தின் கடைசியில் பெரும்பாலும் இயற்றியவரின் முத்திரை இருக்கும். திருவாரூரில் பிறந்த மும்மூர்த்திகளில் ஒருவர் தன் பெயரையே வைத்தார். ஒருவர் முருகனைக் குருவாக்கி அவன் பெயரை வைத்தார். இன்னொருவர் அம்பாளைக் கண்ணனின் தங்கை என்று அழைத்தார். பட்டாசு லேபிளைப் பார்த்துக் கம்பெனியைச் சொல்கிறவளுக்கு இதிலென்ன கஷ்டம்? பாஷை தெலுங்கோ சமஸ்கிருதமோ, முத்திரை காதில் விழுந்ததும் இது இன்னார் சரக்கு என்று சொல்ல ஆரம்பித்தேன். முதலில் கேலி செய்த வேன் பெண்கள் பிறகு ஆளுக்கொரு பக்கம் பந்தயம் கட்டினார்கள்.

ஆதி தாளம் தொடையிலேயே வந்துவிட்டது. ஒரு தட்டு, மூன்று விரல், தட்டி வீசி, மறுபடி தட்டி வீசி. மொத்தம் எட்டு. சோறு வடிக்கும்போதுகூட விரல் எண்ணியது. "பாட்டுக் கேட்டுக் கேட்டே ஒனக்குக் கிறுக்குப் பிடிக்கப் போவுது" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பேசலாமா?

ஆனாலும் எனக்கு வேண்டியது கிடைக்கவில்லை. திரியில் நெருப்பு வைத்ததும் வாணம் விரிந்துவிடாது. திரி எரிந்து, குழாயை விட்டுக் கிளம்பி, உயரப் போய்த்தான் விரியும். ஆகவே பாட்டில் ஓர் இடம் வந்த பிறகு வைத்தால் பிந்திவிடும், வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். ஒரு நாள் அது தனி ஆவர்த்தனத்தில் அகப்பட்டது. பெரிய பாட்டின் நடுவில் பாடகர் ஓய்ந்துகொள்ள, மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கும். முடிக்கும்போது கோர்வை என்று ஒரு கணக்கை மூன்று முறை வாசித்து, பாட்டு எடுக்கும் இடத்தில் கச்சிதமாக வந்து விழும். முதல் முறையில் அதன் நீளம் தெரியும், இரண்டாவதில் சரிபார்த்துக்கொள்ளலாம், மூன்றாவதன் பாதியில் நெருப்பு. "கெடச்சிருச்சு!" என்று நான் கத்திய கத்தலில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார்.

திருவிழா அன்று சாயங்காலம் புதுப் பாடகியிடம் போய்ச் சொன்னேன். "அம்மா, தனி முடிஞ்சு நீங்க பல்லவி எடுக்கும்போது மேல பூ விரியும். வெடி கெடையாது, கலர் மட்டுந்தான்."

"எந்த இடம்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கோர்வை மூணாந்தரம் வருதுல்ல, அத வச்சுத்தான்."

மிருதங்கக்காரர் பக்கத்திலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ நான் ஒழுங்கா வாசிக்கணும்" என்றார்.

வறண்ட கண்மாய்க்குள் குழாய்களை நட்டு நிறுத்தியிருந்தோம். நீளக் கம்பில் நெருப்போடு என் கொழுந்தன் நின்றான். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனாலும் அவசரக்குடுக்கை. ஒலிபெருக்கியில் தனி ஆரம்பித்தது. தப்பினால் எங்கள் தெருவுக்கு இந்தப் பொங்கலில் பேரே இருக்காது.

மிருதங்கம் சட்டென்று நின்றது.

"மதினி, நின்னுருச்சு! வைக்கட்டா?"

"சும்மா இருலே. அது எடையில விடுற மூச்சு."

"கை தட்டுறாக மதினி!"

"தட்டட்டும்."

பிறகு இரண்டு வாத்தியங்களும் ஒன்றாகச் சேர்ந்தன. கோர்வை. ஒன்று. தொடையில் எண்ணினேன். இரண்டு. அதே நீளம்தான். மூன்றாவது பாதிக்கு வந்தது.

"வையிலே!"

திரி சீறியது. மேலே ஒரு கோடு ஏறியது. கடைசி அடி விழ, பாடகி பல்லவியை எடுக்க, மேடைக்கு மேலே வானம் பச்சையும் பொன்னுமாக விரிந்தது. பாடகி அண்ணாந்து பார்த்துவிட்டு, அதே வரியை இன்னொரு தரம் எடுத்தார். எனக்காகத்தான் எடுத்தார், சத்தியமாகச் சொல்வேன். அடுத்த சுற்றும் எட்டுதானே? எண்ணி, சுற்று முடியுமுன்னே கொழுந்தனுக்குக் கையைத் தாழ்த்திக் காட்டினேன். இரண்டாவதும் சொல்லி வைத்தது மாதிரி விரிந்தது. கீழத் தெரு மொத்தமும் ஓவென்று கத்தியது, மேலத் தெருவும் சேர்ந்து கத்தியது. ஜெயித்துவிட்டோம் என்று கொழுந்தனைப் பிடித்து உலுக்கினேன். அழுகையும் வந்தது, துடைக்கவில்லை.

மங்களம் பாடி முடித்ததும் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கி வந்தார்.

"ஏம்மா, அடுத்த வருசம் யாரப் பாடக் கூப்பிடலாம்னு நாங்க நாலு பேர் உக்காந்து பேசப் போறோம். நீயும் வந்து உக்காரு."

"நான் மட்டும் எதுக்குய்யா? எங்க தெருவுல இருந்தும் நாலு பேரா வாரோம்."

மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கி விட்டார். பிறகு, "சரி, வாங்க" என்றார்.