பூஜையில் வைத்த புத்தகப் பெட்டி

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். அலங்காநல்லூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு என்றால் என்ன? இருந்த ஒரே பாடப் புத்தகத்தை எல்லோருமாகச் சேர்ந்து ராகம் போட்டுக் கத்துவோம். கண்ணை மூடிக்கொண்டும் கத்தலாம், அத்தனையும் மனப்பாடம்.

தல்லாகுளத்திலிருந்து சைக்கிளில் வரும் எங்கள் வாத்தியாருக்கு இது பொறுக்கவில்லை. மதுரையில் தெரிந்தவர்களையெல்லாம் நச்சரித்து, ஒரு பெட்டி நிறையக் கதைப் புத்தகங்கள் வாங்கி வந்துவிட்டார். தினமும் மதியம் ஆளுக்கொரு புத்தகம் எடுத்து வாசிக்க வேண்டும், வாசித்த கதையை மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் அவர் திட்டம். பெட்டியைத் திறந்து காட்டினார். மேலே இருந்த புத்தகத்தின் அட்டையில், தாடையில் துணி கட்டிய ஒரு யானை! அதற்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசிக்கத் தொடங்குவதற்குள் சரஸ்வதி பூஜை வந்துவிட்டது.

எங்கள் ஊரில் பூஜை வீட்டுக்கு வீடு நடக்காது. கலப்பை, அரிவாள், உளி எல்லாம் பிள்ளையார் கோயில் மண்டபத்துக்கு வந்துவிடும். புத்தகப் பெட்டியும் சந்தனம் குங்குமத்தோடு அங்கே போய் உட்கார்ந்தது.

மறுநாள் விஜயதசமி. காலையில் சூடம் காட்டியதும் அவரவர் பொருளை எடுத்து ஒரு தடவையாவது வேலை செய்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஆசாரி ஒரு கட்டையைச் சீவினார். கோயிலுக்கு எதிரே ஒரு சால் உழுதார்கள். வாத்தியார் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். நாட்டாமை தடுத்துவிட்டார்.

"அது இனிமே சாமி, வாத்தியாரே. மூக்கு ஒழுகுற பிள்ளைக கையில குடுத்துக் கிழிஞ்சுபோனா ஊருக்கு ஆகாது. கோயில்லயே பூட்டி வச்சு வருசா வருசம் கும்பிடுவோம்."

வாத்தியார் கெஞ்சிப் பார்த்தார். வெளியூர்க்காரர் பேச்சு எடுபடவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. யானையை ஆயுசுக்கும் பூட்டி வைக்கப்போகிறார்களே! நானோ பிறவி வாயாடி.

"அப்ப பூசை பாதியில நிக்குதே, பெரியப்பா!" என்று கத்திவிட்டேன். "ஆசாரி உளியெடுத்துச் சீவிட்டாரு. ஏரு ஒரு சால் ஓடிருச்சு. புத்தகத்த மட்டும் யாருமே படிக்கலையே? சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டாளா?"

அம்மா கிள்ளிய கிள்ளில் என் கை கன்றிப்போனது. ஆனால் கூட்டத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது. "புள்ள கேக்குறது நியாயந்தானே?" என்றார் ஆசாரி. நாட்டாமையின் முகம் சிவந்தது.

"இம்புட்டுப் பேச்சுப் பேசுறியே, நீயே படி பாப்போம். நடுவுல நின்னுட்டேன்னு வையி, பெட்டி உள்ள போயிரும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனப்பாடம் செய்த பாடத்தைத் தவிர வேறு எதையும் நான் வாசித்ததே கிடையாதே! எனக்கு நிஜமாகவே படிக்கத் தெரியுமா என்று எனக்கே தெரியாது. வாத்தியாரின் முகத்தில் ரத்தமே இல்லை.

யானைப் புத்தகத்தை எடுத்தேன். பழக்கதோஷத்தில் ராகம் தானாக வந்தது. அதுதான் என்னைக் காப்பாற்றியது. ஒரு சொல்லை நான் இழுத்துப் பாடி முடிப்பதற்குள் கண் ஓடிப்போய் அடுத்த சொல்லை எழுத்துக் கூட்டிவிடும். ஒரு வரி, இன்னொரு வரி, ஒரு பக்கம். எனக்குப் படிக்க வருகிறது! அந்தச் சந்தோஷத்தில் ராகம் எங்கேயோ உதிர்ந்துபோய், கதை சொல்வதுபோல மளமளவென்று வாசித்தேன். யானைக்குக் கடைவாய்ப் பல்வலி. வைத்தியர் பல்லில் வடத்தைக் கட்டிவிட, ஊரே திரண்டு தேர் இழுப்பதுபோல இழுக்கிறது. மண்டபமே சிரித்தது.

அந்த இடத்தில் பக்கம் முடிந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

"ஏ புள்ள, பல்லு வந்துச்சா இல்லையா?" என்றார் நாட்டாமை.

"பூசை முடிஞ்சுருச்சு பெரியப்பா. மிச்சத்தப் பள்ளிக்கூடத்துலதான் படிப்பேன்!"

நாட்டாமை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "தூக்குங்கடா பெட்டிய!" என்றார். மேளக்காரர் முன்னால் போக, நாங்கள் பெட்டியைத் தலையில் மாற்றி மாற்றிச் சுமந்து, சாமி ஊர்வலம்போலப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். மதியம் ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்தபோது, ஜன்னலுக்கு வெளியே நின்று நான் வாசித்த யானைக் கதையைக் கடைசிப் பக்கம்வரை கேட்டுவிட்டுத்தான் போனார் நாட்டாமை.

இன்றைக்கும் எந்த வீட்டிலாவது கண்ணாடி பீரோவில் பூட்டி அடுக்கிய புத்தகங்களைக் கண்டால், விருந்துக்கு வந்தவள் என்ற கூச்சமெல்லாம் எனக்குப் பறந்துவிடும். காபி குடிப்பதற்கு முன்னால் சாவி எங்கே என்றுதான் கேட்பேன்.