கடைசி வரி வரை வாசியும்

சிவபாலன் இறந்த செய்தியை அவருடைய மருமகள் தொலைபேசியில் சொன்னாள். "மாமா காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவர், அப்படியே சரிஞ்சிட்டார்." கொழும்புக்குள்ளேயே வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை போய்ச் சேர மூன்று சோதனைச் சாவடியில் அடையாள அட்டை காட்ட வேண்டியிருந்தது. மூன்று இடத்திலும் எனக்கு அவர் முகம் நினைவுக்கு வரவில்லை. வேறொருவர் முகம்தான் வந்தது.

நாங்கள் மூவர் ஒரே அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு விஞ்ஞானச் சஞ்சிகை நடத்தியது உங்களில் பலருக்குத் தெரியும். மூன்றாமவர் பெயரை எழுதமாட்டேன். சிவபாலன் மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தவர். இரண்டாம் உலகப் போர் நெருங்கிய காலத்தில் பிரெஞ்சுப் பொறியியலாளர்கள் குண்டுக்கு இறக்கை பொருத்தி, உள்ளே ஜைரோ என்ற சுழல்சக்கரத்தை வைத்து, விமானத்திலிருந்து விட்டால் திசை மாறாமல் மிதந்து போகுமா என்று சோதித்ததைப் பற்றி நாலு பக்கம் எழுதினார். படமும் கீறினார்.

"இந்தக் காலத்தில குண்டுப்படம் கீறாதேயும்" என்றேன்.

"அது பாரிஸ் விழ முதல் நடந்த கதை ஐசே. ஆருக்கு என்ன?" என்றார்.

ஒருநாள் அவர் வீட்டைச் சோதித்த பொலிஸார் அந்த நாலு பக்கத்தையும் அவரையும் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அங்கே இல்லை. மூன்றாமவரைக் கூப்பிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். அந்தக் கட்டுரைக்கு வரிவரியாகப் புரூப் பார்த்துப் பிழை திருத்தியவரே அவர்தான். தலைப்பை மட்டும் பார்த்தார். "குண்டு செய்யிறதைப் பற்றி" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். பக்கத்து வாங்கில் குந்தியிருந்த சிவபாலன் அதைக் கேட்டார்.

பதினாலு மாதம் உள்ளே இருந்தார். அதற்குள் யாழ்ப்பாணத்தில் தாய் இறந்தார்; ஒரே மகனால் கொள்ளி வைக்க முடியவில்லை. வெளியே வந்தவரிடம், அந்த ஆளோடு இனிக் கதைக்காதேயும் என்றேன். "அவன் பயந்திட்டான். அவனுக்கும் பிள்ளையள் இருக்கு. விடும்" என்றார். அவர் விட்டார், நான் விடவில்லை. அந்த ஆளுக்கு அவர் தேநீர் ஊற்றிக் கொடுத்ததைப் பார்த்து, அவரோடும் ஒரு மாதம் கதைக்காமல் இருந்தேன்.

முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் பேச அந்த ஆள் பெயர் கொடுத்திருக்கிறார். 'உற்ற நண்பர்' என்று போடச் சொன்னாராம். போட்டிருக்கிறேன். அன்று எல்லோர் கையிலும் இருக்கப்போகும் இந்த நினைவு மலரைத் தொகுத்தவன் நான்.

அவர் பிடிபட்டதால் அச்சேறாமல் போன அந்தக் கட்டுரை, என்னிடம் இருந்த புரூப் பிரதியிலிருந்து, அடுத்த பக்கத்தில் முழுதாக இருக்கிறது. அது இப்படி முடிகிறது: "குண்டுக்கு வழி தவறாமல் போகக் கற்றுக்கொடுத்தவர்கள், அது போய் விழும் வீட்டில் யார் இருப்பார்கள் என்று கேட்கவில்லை."

நண்பரே, அன்றைக்கு நீர் தலைப்போடு நிறுத்தினீர். பேச எழும்பும்போது வேறொன்றும் சொல்லவேண்டாம். இதை வாசியும், கடைசி வரி வரை. சனமும் கூடவே வாசிக்கும். ஒரு வரி தாண்டினாலும் தெரிந்துவிடும்.

சிவபாலனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பொறுமை என்று எழுத ஆசைதான். அது அவரோடு சுடலைக்குப் போய்விட்டது. அவர் வேண்டாம் என்று விட்ட கோபம்தான் என்னிடம் இருக்கிறது. அன்று முன்வரிசையில் இருப்பேன்.