சாப்பிடாத நாளின் ஊசி

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு இன்சுலின் எழுதிக் கொடுத்தது ஆனி மாதக் கடைசியில். கட்டிலைச் சுற்றி ஏழெட்டு மாணவர்கள் நின்றார்கள். பெரிய டாக்டர் அவர்களிடம் அம்மாவைப் பற்றி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார். பிறகு அம்மாவிடம் தமிழில் ஒரே வாக்கியம்: "ஒரு வேள கூட ஊசிய விடக் கூடாது, புரிஞ்சுதாம்மா?"

இந்த 'புரிஞ்சுதா' இருக்கிறதே, அது கேள்வியே இல்லை. அடுத்த கட்டிலுக்குக் கிளம்புகிறேன் என்ற அறிவிப்பு. அதற்கு 'இல்லை' என்று சொன்ன நோயாளி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அம்மாவும் தலையாட்டினாள். ஆனாலும் மில்லில் இருபது வருடம் உழைத்தவள், மனதில் பட்டதைக் கேட்டுவிடுகிறவள். "டாக்டரு, ஆடி வெள்ளிக்கு நான்..." என்று ஆரம்பித்தாள். அவர் அதற்குள் முதுகைக் காட்டிவிட்டார். இன்னொரு முறை கூப்பிட வாயெடுத்தவளைத் தடுத்தது நான்தான். "சும்மா இரும்மா, அவருக்கு ஆயிரம் வேல" என்று கையை அமுக்கினேன். நாலு எழுத்துப் படித்தவன் அல்லவா, டாக்டர் முன்னால் எப்படி நடந்துகொள்வது என்று எனக்குத் தெரியுமாம்.

அவள் கேட்க வந்தது சின்ன விஷயம். ஆடி வெள்ளியில் வரும் வீராம்பட்டினம் அம்மன் தேருக்கு வருடா வருடம் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் அரியாங்குப்பத்திலிருந்து நடந்தே போவாள். அன்றைக்கு ஊசி போடலாமா, கூடாதா?

தேர் அன்று காலை ஊசியை என் கையில் கொடுத்து, "சாப்புடாத நாளாச்சே, போடலாமாடா?" என்றாள்.

"ஒரு வேள கூட விடக் கூடாதுன்னாரு இல்ல?" என்று சொல்லி நானே அவள் வயிற்றில் போட்டேன்.

கோயிலை நெருங்கும்போது அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. பேச்சு குழறியது, கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. பக்கத்திலிருந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "ஆத்தா வந்துட்டாடி, மஞ்சத் தண்ணி ஊத்துங்க!" யாரோ வேப்பிலையை அவள் கையில் திணித்தார்கள். ஒருத்தி காலில் விழுந்து மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று கேட்டாள். அம்மாவுக்கு அதுவரை ஒருநாளும் சாமி வந்ததில்லை. எனக்காவது உறைத்திருக்க வேண்டும். நானோ உடம்பு சிலிர்க்கக் கைகூப்பி நின்றேன். கால் மணி நேரம் நின்றிருப்பேன். அவள் வெட்டி வெட்டி இழுத்துக் கீழே சரிந்தபோதும், "ஆத்தா மலையேறிட்டா" என்றுதான் சொன்னார்கள். தண்ணீர் தெளித்து எழுப்பியும் அவள் எழவில்லை என்றபோதுதான் ஆட்டோவுக்கு ஓடினேன்.

வெறும் வயிற்றில் போட்ட ஊசியால் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டதாம். நடுக்கம் வந்தவுடனே ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்திருந்தால் போதுமாம். சர்க்கரைப் பொங்கல் தொன்னைகளோடு எத்தனை பேர் எங்களைக் கடந்து போனார்கள்!

ஆஸ்பத்திரியில் அம்மாவின் கேஸ் ஷீட்டை எட்டிப் பார்த்தேன். அறிவுரையைப் பின்பற்றாத நோயாளி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"அவங்க நீங்க சொன்னத அப்படியே செஞ்சாங்க சார்" என்றேன்.

"வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியுமே" என்றார் அங்கிருந்த இளம் டாக்டர்.

"எங்களுக்கு யாரு சார் சொன்னா?"

அவர் செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்.

பத்தாம் நாள் ஒரு நர்ஸம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தார். "ஊசி போட்டா சாப்புட்டே ஆவணும். வெரதம்னா முன்னாடியே எங்கள கேளுங்க, அளவ மாத்தித் தருவோம். வேர்த்து நடுங்குச்சுன்னா ஒடனே சர்க்கர குடுங்க. இப்ப நான் சொன்னத நீங்க ஒருவாட்டி சொல்லுங்க" என்றார். சொன்னேன். விட்டுப்போனதை அவர் எடுத்துக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

அம்மா கண்ணைத் திறந்தபடி பக்கத்தில் கிடந்தாள். நினைவு இனித் திரும்பாது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். மூக்கில் விட்ட குழாய் வழியாக வேளை தவறாமல் கஞ்சி போகிறது. சாப்பிடாத நாள் என்று அவளுக்கு இனி ஒன்று கிடையாது.