கரைக்கு முதுகு காட்டியவள்

அந்த ஆற்றில் ஓடும் சுற்றுலாப் படகில் மைக் பிடித்துக் கரையோரக் கட்டடங்களின் கதையைச் சொல்கிறவளை ஊரே ‘மைக் அக்கா’ என்றுதான் கூப்பிடும். உண்மையில் அவள் ஒரே ஒருவனுக்குத்தான் அக்கா. அந்த ஒருவன்தான் படகின் ஓட்டுநர். பின்பக்கம், பயணிகளின் தலைக்கு மேலே உயர்ந்திருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் சுக்கானைப் பிடித்து நிற்பான். எத்தனையோ வருடமாக இருவருக்கும் ஒரே படகு, ஆனால் புகழ் முழுக்க அக்காவுக்கு. இறங்கும்போது அவளோடு நின்று படம் எடுத்துக்கொள்ளாத ஆள் கிடையாது. தம்பியிடம் வந்து கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். கரையைப் பார்க்க வருகிறவர்கள் ஓட்டுகிறவனை ஏன் பார்க்கப்போகிறார்கள் என்று அவனும் மனத்தைத் தேற்றிக்கொள்வான்.

பொறாமை கிடையாது. அக்கா கதை சொல்லும் அழகுக்கு முதல் ரசிகனே அவன்தான். படகின் முன்முனையில், போகும் திசைக்கு முதுகைக் காட்டி, பயணிகளைப் பார்த்தபடி நிற்பாள். திரும்பியே பார்க்க மாட்டாள். கட்டடம் எங்கேயும் ஓடிவிடாது, ஆட்கள்தான் கொட்டாவி விட்டுவிடுவார்கள், அதனால் ஆட்களைத்தான் பார்க்கவேண்டும் என்பது அவள் கட்சி. ஆனாலும் சொல்லிவைத்தாற்போல, பாலம் கண்ணில் படும் நேரத்தில் அவள் வாயிலும் பாலம் வந்துவிடும். போரில் பாதி இடிந்து, வேறு ஊர்க் கல்லைக் கொண்டுவந்து கட்டியதால் இரண்டு நிறமாக நிற்கும் பாலம் அது. அடுத்தது பழைய சிறைச்சாலை. இப்போது நட்சத்திர ஓட்டல். அந்தக் காலத்தில் உள்ளே போனவர்கள் வெளியே வரத் துடித்தார்கள், இந்தக் காலத்தில் உள்ளே போகிறவர்கள் பில்லைப் பார்த்துத் துடிக்கிறார்கள் என்பாள். தம்பி தினமும் கேட்கிறான், தினமும் சிரிக்கிறான்.

ஆறு வளையும் இடத்தில், படகுக்கு நேர் எதிரே சுங்க அலுவலகத்தின் மணிக்கூண்டு வரும். அதன் கடிகாரம் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் ஓடும். ஒரு காலத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் பிந்தி வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அதைப் பார்க்கப் பொறுக்காமல், கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறவர் யாருக்கும் தெரியாமல் அதைக் கொஞ்சம் பிந்தி ஓடவிட்டார். வாசல் அதிகாரிக்கும் அந்தக் கடிகாரம்தான் கணக்கு. அவர் போன பிறகு வந்தவர்களும் அதை அப்படியே விட்டுவைத்தார்கள். இந்தக் கதைக்கு மட்டும் அக்காவின் குரல் தானாகத் தாழும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண்ணைப் போடப் படகு முதலாளி ஒரு பெட்டி வாங்கிவந்தார். பதிவுசெய்த குரலில் அதுவே எல்லாக் கதையையும் சொல்லுமாம், பல மொழிகளில். ஒரு நாள் முதல் நடையில் பெட்டி பேசட்டும், இரண்டாம் நடையில் அக்கா பேசட்டும், பயணிகளுக்கு எது பிடிக்கிறதோ அதுவே இனி நிரந்தரம் என்று சொல்லிவிட்டார். அந்த நாள் காலையில், இருபுறமும் பயணிகள் நிற்கும்போதே அக்கா அவரைக் கேட்டாள்.

"மிஷினுக்கு வாய் இருக்கு சார், கண்ணு இருக்கா? நாளைக்குக் கரையில ஒண்ணு மாறினா அதுக்குத் தெரியுமா?"

தம்பிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

முதல் நடையில் பெட்டி ஒரு பிசிறில்லாமல் ஒப்பித்தது. அக்கா கீழ்த்தளத்தில் உட்கார்ந்து, கரைப்பக்கம் தலையைத் திருப்பாமல், வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நடையில் மைக்கைப் பிடித்தாள். பாலத்துக்கு வாயைப் பிளந்தார்கள், சிறைக்கு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த முதலாளிகூடச் சிரித்தார். படகு வளைவுக்கு வந்தது. தம்பி வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தான்.

கடிகாரத்தைக் காணோம். இரண்டு நடைக்கும் நடுவில், பழுது பார்க்கக் கிரேன் வைத்துக் கழற்றியிருக்கிறார்கள். மணிக்கூண்டில் வட்டமாக ஓர் ஓட்டை. ஊரில் ஓர் ஆணி கழன்றாலும் அக்காவின் காதுக்கு வந்துவிடுமே, தெரிந்திருக்கும் என்று அவன் சும்மா இருந்துவிட்டான்.

அக்கா கையை உயர்த்தித் தன் முதுகுக்குப் பின்னால் காட்டி, கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னாள். அவரவர் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்க்கவும் சொன்னாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

எதிரே இருந்த முகங்களைப் பார்த்த அக்கா மெல்லத் திரும்பினாள். படகில் அவளுடைய முதுகை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அவன் கையில் இருந்தது எஞ்சின் ஒன்றுதான். நேர அட்டவணை நாசமாய்ப் போகட்டும் என்று வேகத்தைக் குறைத்து, நீரோட்டத்துக்கு எதிராகப் படகை அங்கேயே நிறுத்திப் பிடித்தான்.

"தப்பு என்னோடதுதாங்க," என்றாள் அக்கா மைக்கில். "மிஷினுக்குக் கண்ணு இல்லைன்னு காலையில வாய் கிழியப் பேசினேன். கண்ணு இருந்தும் நான் பாக்கலை. இருங்க, இப்ப உங்களோட சேந்து நானும் பாக்குறேன்."

பார்த்துப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். ஓட்டை வழியாக அந்தப் பக்கத்து வானம் தெரிகிறது என்றாள். கடிகாரம் மறைத்திருந்த கல் மட்டும் அழுக்குப்படாமல் இருக்கிறது, கட்டின நாளில் கூண்டு முழுக்க இந்த நிறம்தான் இருந்திருக்கும் என்றாள். உட்கார இடம் தெரியாமல் சுற்றிச் சுற்றி வரும் புறாக்களைக் காட்டினாள். சாவி கொடுத்தவரின் கதையையும் குரல் தாழச் சொன்னாள். ஓட்டையில் காலைத் தொங்கப்போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த தொழிலாளியைப் பார்த்து, கடிகாரம் எங்கே என்று ஒலிபெருக்கியிலேயே விசாரித்தாள். அவர் கரண்டியால் கீழே காட்டினார். கரையில் பலகை மேல், ஆள் உயரத்துக்கு, தார்ப்பாய் மூடிக் கிடந்தது. மொத்தப் படகும் அந்தப் பக்கம் எழுந்து ஓட, சாய்ந்த படகைத் தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தான்.

"அண்ணே, திரும்ப மாட்டும்போது நேரத்தைச் சரி பண்ணிடாதீங்க," என்றாள் அக்கா. "அது லேட்டாவே ஓடட்டும்."

மேலே இருந்தவர் ஏன் என்று கையை விரித்தார். காரணத்தைப் படகே ஒரே குரலில் கத்திச் சொன்னது. அவர் சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று தலையாட்டினார். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

துறைக்கு வந்ததும் முதலாளி பெட்டியைத் தூக்கி அட்டைக்குள் வைத்துக் கட்டினார். இனி அந்த வளைவில் மட்டுமாவது ஒருமுறை திரும்பிப் பாரும்மா என்று சொல்லிவிட்டுப் போனார்.

தம்பியால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான் முன்னாடியே பாத்துட்டேன்க்கா. உனக்குத் தெரியும்னு நெனச்சு விட்டுட்டேன்."

"நீ நிமிந்து பாத்த, நான் சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

அவனுக்குப் புரியவில்லை. அக்கா மைக்கைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"பாலம் வந்தா உதட்டைக் கடிப்ப. ஜெயில் வந்தா கழுத்தைச் சொறிவ. மணிக்கூண்டு வந்தா நிமிந்து பாப்ப. கரையை நான் எங்கடா பாத்தேன்? இத்தனை வருஷமா உன் மூஞ்சியைப் பாத்துத்தான சொல்லிட்டு வரேன்."

அடுத்த நடையில் பாலம் வந்தபோது அவனுக்கு உதட்டைக் கடிக்கவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் கடித்தான்.