அம்புக்குறி போன பக்கம்

அந்தப் பெட்ரோல் பங்க் மூடி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஸ்ரீவராகத்துப் பக்கம் அந்த நிலத்தை வாங்க வந்தவர்கள், மண்ணிலும் நிலத்தடி நீரிலும் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல எங்கள் சின்ன ஆபீஸைக் கேட்டிருந்தார்கள். நான் ஜியாலஜி முடித்து வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். எங்கள் மலையாளி சார் சொல்லி முடிப்பதற்குள் நான் போகிறேன் என்று எழுந்து நின்றுவிட்டேன். பங்கின் பின்மதிலுக்கு அந்தண்டை என் அக்காவின் புக்ககம் என்பது அவருக்குத் தெரியாது. வேலையும் ஆகும், மத்தியானம் அக்கா கையால் சாப்பாடும் ஆகும் என்று கணக்குப் போட்டேன். அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

மண்ணில் துளை போட நாகர்கோவில்காரர் ஒருவர் வந்திருந்தார். பூமிக்கடியில் டேங்க் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஆகர் என்ற துளைக்கம்பியைத் திருகித் திருகி இறக்கினார். முதலில் செம்மண். ஆள் உயரம் இறங்கியதும் கறுத்த சாம்பல் நிற மண் வந்தது. அதை முகர்ந்து பார்த்தவர், சட்டைப்பையில் இருந்த பீடிக்கட்டை எடுத்துப்போய்த் தன் பைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்.

“இன்னைக்கு எனக்குப் பீடி கெடையாது மக்களே. மண்ணே பத்திக்கிடும்.”

நானும் சிரித்தேன். அதுவரை எனக்கு அது ஒரு பரீட்சைத் தாள்தான். நல்ல கேள்வி வந்திருக்கிறது என்ற குஷி.

மூன்று மூலையில் மூன்று துளை போட்டுக் குழாய் இறக்கி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அளந்தோம். மூன்று மட்டம் தெரிந்தால் போதும், பூமிக்கடியில் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கோடு போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். பில் போடும் பழைய மேஜையில் வரைபடத்தாளை விரித்துக் கோடு போட்டேன். அம்புக்குறி பின்மதிலைப் பார்த்துப் போனது. வடக்கைத் தப்பாகப் பிடித்திருப்பேன் என்று தாளைத் திருப்பினேன். மறுபடி அளந்தேன். அம்பு அங்கேயேதான் போயிற்று. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தென்னை, அதற்கடுத்து கிணறு, அதற்கடுத்து அக்காவின் அடுக்களை.

மத்தியானம் அங்கே இரண்டு டம்ளர் மோர் குடித்திருந்தேன். நாக்கால் பல்லைத் துழாவிப் பார்த்துக்கொண்டேன். கிணற்றுக்கு ஆபத்தென்றால் என் மோர் எம்மாத்திரம். அக்கா கல்யாணமான நாளிலிருந்து குடிப்பது அந்தத் தண்ணீர்தான்.

அந்த வீட்டில் குழாய் உண்டு. பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும் மட்டும். குழாய்க்குள் தோல் வாஷர் இருக்கும், அந்த ஜலம் மடி இல்லை என்பது அக்காவின் மாமியார் கட்சி. சமையலுக்கும் பூஜைக்கும் குடிப்பதற்கும் கிணறு. அந்தக் கயிற்றை வெளி ஆள் தொடக்கூடாது. நான் பாட்டிலோடு போய் நின்றபோது, எதற்கு என்று மாமி கேட்டார். ஆபீஸில் டெஸ்டுக்கு என்று மட்டும் சொன்னேன். அவரே குளித்து, ஈரப்புடவையோடு வாளி இறைத்து, என் மேல் படாமல் தூக்கி ஊற்றினார். நான் எட்டி நின்று பாட்டிலை நீட்டிப் பிடித்தேன்.

லாபிலிருந்து தாள் வந்தது. தண்ணீரில் எண்ணெய் இருக்கிறது.

அறிக்கை முடியும்வரை யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்பது ஆபீஸ் சட்டம். நான் நேரே பஸ் பிடித்தேன். அக்காவை அறைக்குள் இழுத்துப்போய்ச் சொன்னேன். முதலில் கேலிதான் செய்தாள்: படித்து முடித்ததிலிருந்து உனக்கு எல்லாமே விஷம் என்றாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

“ஏழு மாசமா அதைத்தாண்டி குடிக்கறேன்.”

அன்றைக்கே அவளைக் கரமனைக்கு, அம்மாவிடம், அழைத்துப் போனேன். வீட்டுக்குப் போனதும் குழந்தை அசையவே இல்லை என்றாள். சற்றுப் பொறுத்து அசைகிறது என்றாள். அதற்குள் நான் ஆட்டோவைத் திருப்பிக் கூப்பிட வாசலுக்கு ஓடியிருந்தேன்.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. தண்ணீரை யார் இறைத்தது, எதால் இறைத்தது என்று மலையாளத்தில் கேட்டார். சொன்னேன். கிணற்றின் கப்பியைப் பார்த்தாயா என்றார். பார்க்கவில்லை.

போய்ப் பார்த்தேன். கிணற்றுக் கப்பி என்றால் கீச்சிட வேண்டும். இது சத்தமே போடாமல் சுற்றியது. அச்சில் கறுப்பாக எண்ணெய் வழிந்து, கயிறு வழியே வாளிவரை இறங்கியிருந்தது.

“விடிகாலம்பற கத்தறதுன்னு மாமாதான் எண்ணெய் விடுவார்,” என்றார் மாமி. “பெட்ரோல் பம்புல பழைய இஞ்சின் ஆயில் சும்மா கொடுப்பாளாக்கும். அது மூடறச்சே ஒரு டின் நிறைய வாங்கி வெச்சுண்டார்.”

தோல் வாஷருக்குப் பயந்த வீட்டில் இஞ்சின் ஆயில். சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. லாப் பார்த்தது மொத்த எண்ணெயை; கப்பியிலிருந்து சொட்டியதா, மதிலைத் தாண்டி வந்ததா என்று அந்தத் தாள் பிரித்துச் சொல்லாது. இந்தத் தடவை தண்ணீரை நானே எடுக்கவேண்டும். பங்கின் மண்ணில் எண்ணெய் இறங்கியிருப்பதையும் அம்புக்குறி கிணற்றைப் பார்த்துப் போவதையும் மாமியிடம் மறைக்காமல் சொன்னேன். குளித்துவிட்டு வந்தால் நானே இறக்கலாம் என்று அவர் கொல்லைக் குளியலறையைக் காட்டினார். தலையோடு குளித்து, ஈரப்பாவாடை காலில் ஒட்ட, கப்பியிலிருந்து விலகி நின்று, புதுக்கயிற்றில் எங்கள் மாதிரிக் குழாயை இறக்கினேன்.

இம்முறை பெட்ரோலைத் தனியே தேடச் சொன்னோம். முடிவு வர ஒரு வாரம். தினமும் கரமனைக்கு ஃபோன் செய்து, அசைகிறதா என்று மட்டும் கேட்டு வைத்தேன்.

பெட்ரோல் இல்லை. சார் தாளை என் கையில் கொடுத்து முதுகில் தட்டினார். பஸ்ஸில் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. அம்புக்குறியை யாரும் அழிக்கவில்லை. இல்லை என்றால், இன்னும் வந்து சேரவில்லை என்றும் அர்த்தம். டேங்கையும் கெட்ட மண்ணையும் தோண்டி எடுக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதியிருந்தோம். எப்போது எடுப்பார்கள் என்பது எங்கள் கையில் இல்லை.

மாமியிடம் இரண்டையும் சொன்னேன். “எத்தனை நாள்ல வரும்?” என்று கேட்டார். மாசக்கணக்கா வருஷக்கணக்கா என்றுகூடத் தெரியவில்லை.

அவர் உள்ளே போய் ஒரு புதுக்குடத்தை எடுத்துவந்து குழாயடியில் வைத்துத் திருகினார்.

“அவளை வரச் சொல்லு. குழந்தை பொறந்து வளர்றவரை அவளுக்கு இதுதான். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

அப்போ உங்களுக்கு மாமி, என்று கேட்டேன். காது கேட்காதவர் போலக் கிணற்றடிக்குப் போனார். அச்சைத் துடைத்து, கயிறும் மாற்றியிருந்தார்கள். கப்பி கீச்சிட்டுக்கொண்டே வாளியை இறக்கியது. தண்ணீரில் அது விழும் சத்தத்துக்குக் காத்துக்கொண்டு நின்றேன்.